ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட்

கிளப்புக்கு ஐம்பது வயது நிறைவதை ஒட்டி, முன்பக்கச் சுவரில் ஒரு ஹெவிவெயிட் சாம்பியனை ஆள் உயரத்துக்கும் மேலாக வரைந்து வைப்பது என்று முடிவானது. அன்றிலிருந்து அந்தக் குத்துச்சண்டை கிளப்பில் ஒருவரும் உருப்படியாகப் பயிற்சி செய்யவில்லை. மணல் மூட்டைகள் சும்மா தொங்கின. குத்தவேண்டியவர்கள் எல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து வாயால் குத்திக்கொண்டிருந்தார்கள். ஐம்பது ஆண்டுகளில் கிளப் ஒன்பது ஹெவிவெயிட் சாம்பியன்களைப் பார்த்திருந்தது. சுவரில் இடம் ஒருவருக்குத்தான்.

நொடியக்காவுக்கு இந்தச் சுவர் விவகாரம் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. அவள் அந்த கிளப்பின் டைம்கீப்பர். போட்டி நடக்கும்போது ரிங்குக்குப் பக்கத்து மேசையில் ஸ்டாப்வாட்ச்சோடு உட்கார்ந்து, ரவுண்டு தொடங்கவும் முடியவும் மணி அடிப்பவள். பதினோரு வருடத்தில் ஒரு நொடி முன்னே பின்னே அடித்ததில்லை என்று பேர். பகலில் ஆஸ்பத்திரியில், அறுவை சிகிச்சைக் கருவிகளை நீராவியில் சுத்தம் செய்யும் அறையில் வேலை. கத்தரியும் இடுக்கியும் துணியில் சுற்றிய மூட்டைகளாக இயந்திரத்துக்குள் போகும். இத்தனை சூட்டில் இத்தனை நிமிடம் என்று விதி. ஒரு நிமிடம் குறைந்தாலும் முழு மூட்டையையும் திரும்ப உள்ளே தள்ளுவாள். பெரிய டாக்டரே வந்து கெஞ்சினாலும், "இன்னும் நாலு நிமிஷம் இருக்கு சார், வெளிய உக்காருங்க" என்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு வந்த சோதனையைப் பாருங்கள். ஒன்பது பேரில் ஏழு பேரைக் கழித்துக் கட்டி, கடைசியில் கமிட்டி கொண்டுவந்து நிறுத்திய இரண்டு பேரில் ஒருவர் அவளைப் பெற்ற அப்பா. இன்னொருவர் அவள் கட்டிக்கொண்ட கணவர்.

அப்பாவை கிளப்பில் 'உலக்கை' என்பார்கள். மனிதர் ஒல்லி. அந்தக் காலத்தில் எண்பத்தொரு கிலோவைத் தாண்டினாலே ஹெவிவெயிட். அவர் எண்பத்துமூன்று கிலோ. அதிலும் இரண்டு கிலோ, எடை பார்க்கும் நாளில் குடித்த தண்ணீர். ஆனால் வலது கை இறங்கினால் எதிரே நிற்பவன் கண்ணுக்குள் பூச்சி பறக்கும். தொழிற்சாலையில் பாய்லர் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வயது எழுபத்திரண்டு. கணவர் பேர் 'பீரோ'. நூற்றுநான்கு கிலோ. கதவில் நுழையும்போது ஒருக்களித்துத்தான் வருவார். லிஃப்ட் மெக்கானிக். அவர் ஏறி நின்றாலே லிஃப்ட்டின் தாங்கும் திறனைச் சோதித்தாகிவிட்டது என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள்.

கமிட்டியில் மூன்று பேர். செயலாளர் மருந்துக்கடைக்காரர்; எதையும் அளந்துதான் பேசுவார். இரண்டாமவர் ஓய்வுபெற்ற ரெஃப்ரி. மூன்றாமவர் பல் டாக்டர். கிளப்பால் தனக்கு நல்ல வருமானம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மூவரும் ஒரு மாதமாக மல்லுக்கட்டினார்கள். உலக்கை மூன்று ஆண்டுகள் சாம்பியன், பீரோ நான்கு ஆண்டுகள் சாம்பியன். உலக்கை எதிராளிகளை விழவைத்தது பதினேழு முறை, பீரோ பதினான்கு.

"உலக்கை காலத்துல எட்டு அவுன்ஸ் கிளவுஸ். உள்ளே பஞ்சு எங்க இருக்குன்னு தேடணும். தலைக்கவசமும் கிடையாது. அப்போ பதினேழு பேர் விழுந்தது பெரிய விஷயமா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அது மட்டுமா? பீரோ பத்து அவுன்ஸ் கிளவுஸ்ல, தலைக்கவசம் போட்டவனைப் பதினாலு பேரை சாய்ச்சிருக்கான்" என்றார் பல் டாக்டர்.

"சாய்ஞ்சவன் எல்லாம் யாரு? உலக்கை அடிச்ச ஆளுங்க மூட்டை தூக்குறவங்க, இரும்பு அடிக்கிறவங்க. பீரோ அடிச்சதுல ரெண்டு பேரு ஜிம்முக்கு உடம்பு குறைக்க வந்தவங்க" என்றார் ரெஃப்ரி.

"எடையைப் பாருங்கய்யா. இருபத்தோரு கிலோ வித்தியாசம். உலக்கை இந்தக் காலத்துல ஆடியிருந்தா ஹெவிவெயிட்ல சேர்த்தே இருக்க மாட்டாங்க."

"பீரோ அந்தக் காலத்துல ஆடியிருந்தா மூணாவது நிமிஷத்துல மூச்சு வாங்கி உக்காந்திருப்பான்."

இந்த மூன்றாவது நிமிடம் என்பதில்தான் மொத்தச் சிக்கலும் இருந்தது. உலக்கை காலத்தில் ஒரு ரவுண்டு மூன்று நிமிடம். பீரோ காலத்தில் விதியை மாற்றி, ரவுண்டை இரண்டு நிமிடமாகக் குறைத்திருந்தார்கள். மூன்று நிமிடக்காரன் மூச்சைச் சிக்கனமாகச் செலவழிப்பான். இரண்டு நிமிடக்காரன் எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் கொட்டுவான். இரண்டு காலத்து ஆட்களை எப்படி ஒரே தட்டில் வைப்பது என்று உலகம் முழுக்கப் பேசித் தீராத பேச்சுதான் இது. ஆனால் இந்த கிளப்பில் மட்டும் அதற்கு ஒரு சாட்சி இருந்தது. ஏனென்றால் இந்த இரண்டு பேரும் ஒரு முறை உண்மையிலேயே மோதியிருக்கிறார்கள்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய கதை அது. கல்யாணம் பேசி முடித்த புதிது. கிளப் விடுமுறையாக இருந்த ஒரு மத்தியானம், பேச்சுவாக்கில் பீரோ, "உங்க காலம் வேற மாமா" என்று சொல்லிவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். உலக்கைக்கு அப்போது ஐம்பது வயது. "அந்த 'வேற' என்னன்னு பார்த்துடலாம் வா" என்று சட்டையைக் கழற்றிவிட்டார். ஒரே ஒரு ரவுண்டு என்று ஒப்பந்தம். எத்தனை நிமிட ரவுண்டு என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. ரவுண்டு என்றால் மூன்று நிமிடம் என்று இவருக்கு, இரண்டு நிமிடம் என்று அவருக்கு. அதில் என்ன சந்தேகம்?

இருபத்துமூன்று வயது மகளை மணியடிக்க வைத்தார்கள். ஒரு கையில் மணிச் சுத்தியல், மறு கையில் அப்பாவின் ஸ்டாப்வாட்ச். "ரெண்டா, மூணா?" என்று கேட்க அவள் வாயெடுப்பதற்குள் கிளவுஸைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். மணியை அடித்தாள். இருவரும் நன்றாகவே மோதினார்கள். பிறகு பீரோ சரமாரியாக ஏழெட்டுக் குத்து விட்டார். ரவுண்டு முடியும்போது அவர் வழக்கமாகச் செய்வது அது. அதோடு நேரம் முடிந்தது என்று கையை இறக்கி, மூலைக்குத் திரும்பினார். உலக்கையின் கணக்கில் ரவுண்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. வலது கை வந்தது. நூற்றுநான்கு கிலோவும் தரையில் விழுந்த சத்தம் தெருவில் போனவர்களுக்குக் கேட்டிருக்கும்.

பீரோ எழுந்து உட்கார்ந்ததும் முதலில் சொன்னது, "நேரம் முடிஞ்ச பிறகு அடிச்சுட்டீங்க மாமா." உலக்கை சொன்னது, "மணி அடிக்கல, நீ எதுக்குக் கையை இறக்கின?" இரண்டு பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள். எத்தனை ஆச்சு?

"ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட்" என்றாள் அவள்.

அவ்வளவுதான். இரண்டைத் தாண்டியாயிற்று, ஆகவே அது தப்பாட்டம் என்று பீரோ பிடித்துக்கொண்டார். மூன்று ஆகவில்லை, ஆகவே அது சுத்தமான நாக்அவுட் என்று உலக்கை பிடித்துக்கொண்டார். 'தப்பாட்டம்' என்ற சொல்லை பீரோ வாபஸ் வாங்கும்வரை அவர் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று அறிவித்துவிட்டார். கல்யாணத்துக்கு வந்தார், வாழ்த்தினார், போனார். பேரன் பிறந்தபோது ஆஸ்பத்திரியிலேயே பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பேரன் வளர்ந்து வேறு ஊரில் வேலைக்கும் போய்விட்டான். மாமனாரும் மருமகனும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. கிளப்பில் எந்தக் காலத்து ஹெவிவெயிட் உசத்தி என்ற பேச்சு எடுத்தாலும், 'ரெண்டு பத்து' என்று யாராவது ஆரம்பிப்பார்கள், சண்டை சாயங்காலம்வரை நடக்கும்.

இப்போது கமிட்டியும் அங்கேதான் வந்து நின்றது. ரெஃப்ரி பழைய விதிப்புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்து வந்தார். "அந்த வருஷம் நடைமுறையில இருந்த விதி ரெண்டு நிமிஷம். அதனால பத்து செகண்ட் கழிச்சு விழுந்த அடி தப்பாட்டம். ஜெயிச்சது பீரோ. சுவரும் பீரோவுக்கு" என்றார். மருந்துக்கடைக்காரர் அதை ஐம்பதாம் ஆண்டு மலரில் அச்சடிக்க ஒரு குறிப்பாக எழுதினார். 'நேரம் முடிந்த பிறகு உலக்கை அடித்த அடியில்' என்று ஒரு வரி அதில் இருந்தது. கீழே டைம்கீப்பர் கையெழுத்துக்கு இடம் விட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோர் முன்னிலையிலும் போடவேண்டும் என்று நொடியக்காவிடம் சொல்லிவிட்டார். ஓவியர் அதற்குள் சாரம் கட்டி, சுவருக்கு வெள்ளையும் பூசிவிட்டார்.

சனிக்கிழமை அவள் அப்பாவைப் பார்க்கப் போனாள். அம்மா போன பிறகு அவர் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறார். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது, ஓடவும் செய்கிறது. ஆனால் அதைப் பராமரிப்பது பீரோவின் கம்பெனி. 'அந்த ஆள்' கை வைத்த லிஃப்ட்டில் ஏற மாட்டேன் என்று அப்பா படியில்தான் போவார், வருவார். அன்றைக்கும் இரண்டாம் மாடித் திருப்பத்தில், பால் பாக்கெட்டைப் பிடித்தபடி, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். உதடு வெளுத்திருந்தது. அவளைப் பார்த்ததும் சும்மா நிற்பதுபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அப்பா, எங்க வீட்டுக்கு வந்துடுங்கப்பா. கீழ் ரூம் காலியாத்தான் இருக்கு."

"கையெழுத்துப் போடப் போறியாமே?"

பால் பாக்கெட்டை வாங்க அவள் கையை நீட்டினாள்.

"போடு. ரெண்டு பத்துன்னு நீ பார்த்த, போடு. உன் வாட்சை நான் என்னைக்கும் சந்தேகப்பட்டதில்ல. ஆனா நேரம் முடிஞ்ச பிறகு அடிச்சான்னு என் பேருக்குக் கீழ அச்சாயிடுச்சுன்னா, நான் இந்தப் படியிலயே விழுந்து கிடந்தாலும் கிடப்பேன், அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்தால் பீரோ தரையில் உட்கார்ந்து கருவிப்பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னாள்.

"உங்கப்பாவை வரவேணாம்னு நான் எப்பவாவது சொன்னேனா? அந்த ரூமுக்கு நான்தானே பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கேன். விழுந்தது நியாயமான அடியிலன்னு மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாத. நீயே நேரம் பார்த்திருக்க. ரெண்டு பத்து. உன் வாயால வந்த கணக்கு, நான் எப்படி அதை மாத்திச் சொல்ல முடியும்?"

இரண்டு பேரும் அவள் மேல் வைத்திருந்த நம்பிக்கைதான் அவளை அதிகம் அறுத்தது. ஏனென்றால் அந்த ரெண்டு பத்து எங்கிருந்து வந்தது என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ரிங்கைச் சுற்றி நாற்பது ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். உலக்கை ஒரு பக்கம் கைத்தடியோடு, பீரோ எதிர்ப்பக்கம் கையைக் கட்டிக்கொண்டு. மருந்துக்கடைக்காரர் குறிப்பை நிறுத்தி நிதானமாகப் படித்தார். 'நேரம் முடிந்த பிறகு' என்ற இடம் வந்ததும் உலக்கை எழுந்தார். முழங்கால் ஒத்துழைக்காததால் எழுவதற்கே நேரம் ஆனது. பேனாவை நொடியக்காவிடம் நீட்டினார்கள். அவள் வாங்கவில்லை.

"அன்னைக்கு வாட்ச் ஓடலை" என்றாள்.

"ரிப்பேரா?" என்றார் பல் டாக்டர்.

"வாட்ச் நல்லாத்தான் இருந்துச்சு. நான் அழுத்தல. மணியை அடிச்சேன், வாட்சை அழுத்த மறந்துட்டேன். இவர் விழுந்ததும் குனிஞ்சு பார்த்தா முள் பூஜ்யத்துலயே நிக்குது."

வெளியே ஓவியர் சாரத்தில் நடப்பது மட்டும் கேட்டது.

"அப்போ ரெண்டு பத்து?" என்றார் ரெஃப்ரி. விதிப்புத்தகம் இன்னும் அவர் கையில் திறந்தபடியே இருந்தது.

"என் வாய்க்கு வந்தது. ரெண்டைத் தாண்டிடுச்சுன்னு சொன்னா இவர் மானம் தப்பிக்கும். மூணு ஆகலைன்னு சொன்னா அப்பா மானம் தப்பிக்கும். ரெண்டு பேருக்கும் நல்லதா இருக்கட்டும்னு நினைச்சேன். இருபத்துமூணு வயசுப் புத்தி. அது இப்படி ரெண்டு பேருக்கும் ஆயுசு முழுக்கப் பிடிச்சுத் தொங்கக் கயிறாகும்னு எனக்கு என்ன தெரியும்? அன்னைக்கே சொல்லியிருக்கணும். கல்யாணம் நின்னுடுமோன்னு பயந்தேன். பிறகு டைம்கீப்பர் ஆனேன், பேரு கெட்டுடுமேன்னு பயந்தேன்." அவள் அப்பாவின் கைத்தடியைப் பார்த்தாள். "அப்பா படியில நின்னு மூச்சு வாங்குறதைப் பார்க்க முடியலை."

"ஏம்மா, குத்துமதிப்பா எவ்வளவு நேரம் இருக்கும்?" என்றார் மருந்துக்கடைக்காரர். அவருக்கு அளவு இல்லாமல் எதையும் விட மனம் வராது.

"தெரியாது சார். ஒரு நிமிஷமும் இருக்கலாம், நாலு நிமிஷமும் இருக்கலாம். நான் ஆட்டத்தையே சரியாப் பார்க்கல. இவரைத்தான் பார்த்துட்டிருந்தேன்."

நூற்றுநான்கு கிலோவும் காதுவரை சிவந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உலக்கை சிரிக்கவில்லை. கைத்தடியைத் தரையில் ஊன்றியபடி ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்காமலே, ரிங்குக்கு எதிர்ப்பக்கம் இருந்த மருமகனிடம், இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாகப் பேசினார்.

"நாலு நிமிஷம் ஆயிருந்தா என் அடி தப்பாட்டம்தான். எந்தக் காலத்து விதிப்படியும்."

பீரோ திடுக்கிட்டுப் பார்த்தார். கட்டியிருந்த கை தானாக இறங்கியது. "ஒரு நிமிஷம்தான் ஆயிருந்தா நான் கையை இறக்கினது முட்டாள்தனம் மாமா. சுத்தமான நாக்அவுட்."

"நீ கடைசியா ஏழெட்டுக் குத்து விட்டியே, அது ரெண்டு நிமிஷம் ஆச்சுன்னு உடம்புக்குத் தெரிஞ்சுதானே விட்ட?"

"உடம்புக்கு என்ன தெரியும் மாமா? அன்னைக்குப் பொண்ணு பார்த்துட்டிருக்குன்னு எனக்கும் தெரியும். முன்னாடியே அவசரப்பட்டிருப்பேன்."

இப்படியே போனது. இத்தனை வருடம் அவரவர் கட்சிக்காகக் கத்தியவர்கள், இப்போது எதிராளி கட்சிக்காக வாதாட ஆரம்பித்தார்கள். ரெஃப்ரி இடையில் புகுந்து பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றார்கள். கடைசியில் உலக்கை மகள் பக்கம் திரும்பினார்.

"ஒரு பட்டனை அழுத்தாம மூணு மாடி ஏற வெச்சுட்டியேடி" என்றார். "தினம் ரெண்டு தடவை."

"நான் ஒரு ரூமுக்கு மூணு தடவை பெயின்ட் அடிச்சேன்" என்றார் பீரோ.

இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. குற்றவாளி அவள்தான். நொடியக்கா அழுதாள். அழுதுகொண்டே கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

சுவர் பிரச்சினை மிச்சமிருந்தது. ஓடாத வாட்சை வைத்து யாரையும் பெரியவன் ஆக்கவேண்டாம் என்று உலக்கையே சொல்லிவிட்டார். பீரோவும் தனக்கு வேண்டாம் என்றார். அப்படியானால் யார்? "தூங்குமூஞ்சி" என்றார் உலக்கை. "நானும் அதைத்தான் சொல்லவந்தேன்" என்றார் பீரோ. தூங்குமூஞ்சி இரண்டு பேருக்கும் நடுவில் ஐந்து ஆண்டுகள் சாம்பியனாக இருந்தவர். ஒரு ஆட்டமும் தோற்றதில்லை. ஆனால் அவர் ஆட்டத்தைப் பார்த்தால் கொட்டாவி வரும் என்பதால் கமிட்டி முதல் வாரமே அவரைக் கழித்துவிட்டிருந்தது. பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்த மனிதரைத் தேடிப் பிடித்துச் சொன்னபோது, "எந்தச் சுவர்?" என்று கேட்டாராம். இப்போது அங்கே அரைக்கண் மூடியபடி அவர்தான் நிற்கிறார்.

நொடியக்கா ஸ்டாப்வாட்சை மேசைமேல் வைத்து, இனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். மருந்துக்கடைக்காரர் யோசித்தார். பதினோரு வருடம் ஒரு தப்பும் இல்லை, ஆகவே நீங்களே தொடரலாம் என்றார். இனி அவள் வாட்சை அழுத்துவதைப் பக்கத்தில் நின்று பார்க்க ஒரு ஆள் இருப்பார் என்றும் சொன்னார். அவள் தலையாட்டினாள். அது நியாயம்தான் என்று அவளுக்கே பட்டது.

புதன்கிழமை காலை அப்பா வந்தார். மூன்றாம் மாடியிலிருந்து லிஃப்ட்டில் இறங்கியதாகவும், முதல் மாடி தாண்டும்போது ஒரு குலுக்கல் குலுக்குவதாகவும், அதைக் கவனிக்கவேண்டும் என்றும் வாசலிலேயே சொன்னார். பீரோ பெட்டியை வாங்கிக்கொண்டார். கீழ் அறைச் சுவரைத் தடவிப் பார்த்து, பெயின்ட் பரவாயில்லை என்றார் அப்பா. பிறகு மூன்று பேரும் சமையலறை மேசையில் உட்கார்ந்தார்கள். அந்த வீட்டில் அவர் முதல் முறையாகக் கை நனைக்கப் போகிறார். அவருக்கு முட்டை அரைவேக்காடாக இருக்கவேண்டும். சரியாக நான்கு நிமிடம், அதற்கு மேல் போனால் தொட மாட்டார். நொடியக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அடுப்பருகில் நின்றாள்.

"எத்தனை நிமிஷம் ஆச்சு?" என்றார் அப்பா.

அவள் வாயைத் திறந்தாள்.

"உன்னைக் கேக்கலை" என்றார் அப்பா. "மாப்பிள்ளை, உங்க வாட்ச்ல பார்த்துச் சொல்லுங்க."

பீரோ மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "நாலு ஆச்சு மாமா" என்றார். அவள் அடுப்பை அணைத்தாள்.